இரவில் ஒயர் எரிப்பதை நிறுத்துங்கள்: மண்டல அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வட சென்னையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் பழைய ஒயர்களை எரித்துச் செம்பு எடுப்பது உங்களுக்குத் தெரியும். மூன்று மனு கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊழியர் போன வாரம் காலை பத்து மணிக்கு வந்து பார்த்துவிட்டு, 'தீ எதுவும் இல்லை' என்று புகாரை முடித்துவிட்டார். எரிப்பது இரவு பதினோரு மணிக்கு மேல், ஐயா.

அன்று இரவே மறுபடி எரித்தார்கள். கரண்டும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் பிளாஸ்டிக் கருகும் நெடி தொண்டையைப் பிடிக்கிறது. மூடினால் எங்கள் எட்டு மாதக் குழந்தை புழுக்கத்தில் வீறிட்டு அழுகிறாள். நானும் என் மனைவியும் மாறி மாறித் திறந்தோம், மூடினோம். கடைசியில் வெள்ளை வேட்டி ஒன்றை நனைத்து ஜன்னலில் கட்டினோம். விடிந்து பார்த்தால் அதில் கரி படிந்திருந்தது. நீங்கள் பார்க்க வேண்டும் என்று துவைக்காமல் வைத்திருக்கிறேன்.

ஒயரின் மேலுறை பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அதில் குளோரின் இருக்கிறது. மேலுறை புகைந்து எரியும்போது டையாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. அந்த வகையிலேயே மிகக் கொடிய டி.சி.டி.டி., மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே அறிவித்துவிட்டது. டையாக்சின் உடம்புக் கொழுப்பில் தங்கிவிடும். பாதி குறையவே 7 வருடத்துக்கு மேல் ஆகும். தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். இப்படிப்பட்ட நச்சுகளைக் கட்டுப்படுத்த இந்தியா 2006-இல் ஏற்ற ஸ்டாக்ஹோம் சர்வதேச உடன்படிக்கை, செம்புக் கேபிள் எரிப்பதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

குழந்தைக்கு நாளைக்கே நோய் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் வெளியே தெரியப் பத்து, இருபது வருடம் ஆகலாம். அப்போது எந்த இரவின் புகை என்று யாரும் காட்ட முடியாது, யாரையும் கேட்கவும் முடியாது. அதனால்தான் தீ எரியும்போதே வாருங்கள் என்கிறோம்.

எரிக்கும் பையன்களை மட்டும் பிடித்துப் போகாதீர்கள். எங்களைவிட அதிகமாகப் புகையைக் குடிப்பவர்கள் அவர்கள்தான். கருகிய கம்பியை வாங்கும் காயலான் கடைக்காரரைக் கேளுங்கள். ஒயர் உரிக்க மெஷின் இருக்கிறது, வாங்கி வைக்கட்டும். போகிக்கு டயர் எரிக்காதீர்கள் என்று மைக் கட்டிய ஆட்டோ வருகிறது. நல்ல காரியம். மற்ற நாட்களில் நாங்கள் மூச்சு விடவில்லையா? குப்பையைத் திறந்த வெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் சொன்னது. இந்த மனைக்காக ஒரு ரசீதாவது போட்டீர்களா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: இரவில் எரிப்பதை நிறுத்துங்கள். தயவுசெய்து இந்த வாரமே ஒரு நாள் பதினோரு மணிக்கு மேல் ஆள் அனுப்புங்கள். எங்கள் மொட்டைமாடியிலிருந்து மனை முழுவதும் தெரியும். கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
பின்தெருவில் குடியிருக்கும் ஒரு தகப்பன்