பொருந்தாத வைஃபை கார்டை அனுப்பிவிட்டுத் திரும்பப் பெற மறுப்பது குறித்த புகார்

அனுப்புநர்:
வரிக் கணக்கு எழுதுபவர்,
திருச்சிராப்பள்ளி.
(பெயரும் முழு முகவரியும் ஆர்டர் விவரத்தில் உள்ளபடி)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
ஆன்லைன் கணினி உதிரிபாக விற்பனை நிறுவனம்.

பொருள்: ஆர்டர் செய்த வைஃபை கார்டுக்குப் பதிலாக வேறு மாடல் அனுப்பப்பட்டது – பணத்தைத் திரும்பத் தரவும் விற்பனைப் பக்கத்தைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் தளத்தில் 1,850 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய வைஃபை கார்டு என் லேப்டாப்பில் வேலை செய்யவில்லை. எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் வேலை செய்யப் போவதும் இல்லை. ஏனென்றால் நான் கேட்டது ஒரு மாடல், நீங்கள் அனுப்பியது வேறு மாடல். உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு இதைத் திரும்பத் திரும்ப எழுதிவிட்டேன், தொலைபேசியிலும் சொல்லிவிட்டேன். "பாக்கெட் பிரிக்கப்பட்டுவிட்டது, திரும்பப் பெற இயலாது" என்ற பதிலோடு ஒவ்வொரு முறையும் புகாரை முடித்துவைக்கிறார்கள். ஆகவே உங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன்.

சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். 2017-இல் வாங்கிய லேப்டாப், இன்டெல் 7-ஆம் தலைமுறை ஐ3 செயலி. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். 4 ஜிபி ரேமை 8 ஆக்கினேன். இன்றைக்கும் என் வேலைக்கு அது தாராளமாகப் போதும். நன்றாக ஓடுகிற ஒரு கருவியை ஒரே ஒரு பாகத்துக்காகத் தூக்கிப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. அந்த ஒரு பாகம் வைஃபை. உடன் வந்த கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும், அதுவும் ஒரே ஆன்டெனாவைக் கொண்டு இயங்குவது. நான் குடியிருப்பது அடுக்குமாடி வீடு. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அந்த மூன்றிலும் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் நிரம்பி வழிகின்றன. என் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸிலும் இயங்கும், இணைப்பு 100 எம்பிபிஎஸ் ஃபைபர். ஆனால் லேப்டாப்புக்கு அந்த அலைவரிசை கண்ணிலேயே படாது.

இதனால் படும் பாடு சிறிதல்ல. மாதக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதிக்குள் தாக்கலாக வேண்டும். கடைசி இரண்டு நாள்களில் அரசுத் தளமே திணறும். அந்த நேரத்தில் இணைப்பும் அறுந்தால் ஓடிபி காலாவதியாகிவிடும், திறந்த பக்கம் வெளியேற்றிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கொடுக்கல் வாங்கலே இல்லாத கணக்கென்றாலும் 20 ரூபாய். என்னை நம்பிக் கணக்கைக் கொடுத்த கடைக்காரர் அதை ஏன் கட்ட வேண்டும்?

யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிச் செருகிக்கொள்ளலாமே என்று உங்கள் பிரதிநிதி ஒருவர் யோசனை சொன்னார். என் லேப்டாப்பில் உள்ள யூஎஸ்பி துளைகள் மூன்று. ஒன்றில் மவுஸ், ஒன்றில் பிரிண்டர், மற்றொன்றில் வாடிக்கையாளர்களின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன். அந்த டோக்கன் இல்லாமல் கம்பெனிக் கணக்குகளில் கையொப்பம் இட முடியாது. உள்ளே மாட்டும் கார்டை நான் தேடியதே இதனால்தான்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். பின் மூடியைக் கழற்றிப் பழைய கார்டின் வகையை உறுதி செய்தேன்: எம்.2 ஸ்லாட் (மதர்போர்டில் கார்டைச் செருகும் இடம்), 22-க்கு 30 மில்லிமீட்டர் அளவு. பழைய கார்டில் ஒரு ஆன்டெனா ஒயர்தான் மாட்டப்பட்டிருந்தது. இரண்டாவது ஒயர் நுனியில் பிளாஸ்டிக் உறையோடு பேட்டரிக்குப் பக்கத்தில் ஓரமாகச் செருகப்பட்டிருந்தது. ஆக, இரண்டு ஆன்டெனா கேட்கும் கார்டைப் போடவும் தடையில்லை. அதன் பிறகே உங்கள் தளத்தில் "இன்டெல் ஏஎக்ஸ்200" என்ற தலைப்பும் அதே மாடலின் படமும் இருந்த பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். அத்தோடு விடவில்லை. லேப்டாப்பின் மாடல், செயலியின் தலைமுறை இரண்டையும் எழுதி, பொருந்துமா என்று உங்கள் உரையாடல் பெட்டியில் கேட்டேன். "கட்டாயம் பொருந்தும்" என்று பதில் வந்தது. அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன், இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன்.

வந்து சேர்ந்த கார்டின் மேல் ஒட்டியிருந்த வெள்ளை லேபிளில் "ஏஎக்ஸ்201என்ஜிடபிள்யூ" என்று அச்சாகியிருந்தது. பொடி எழுத்து, விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால்தான் கடைசி இலக்கம் தெரிகிறது. இதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொன்னேன். "201 என்பது 200-ஐ விடப் புதிய மாடல் சார், அதே விலைக்கு உயர்ந்ததைக் கொடுத்திருக்கிறோம்" என்றார் உங்கள் பிரதிநிதி. இந்த வாக்கியத்தைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. உதிரிபாகம் விற்கும் நிறுவனம், தான் விற்கும் பொருள் எதுவென்றே தெரியாமல் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிறது.

ஏஎக்ஸ்200 தன்னளவில் முழுமையான கார்டு. வைஃபை வேலை முழுவதையும் தானே செய்துகொண்டு, லேப்டாப்போடு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் மதர்போர்டின் உள்வழியாகப் பேசும்; அதிலுள்ள புளூடூத் யூஎஸ்பி வழியாகப் பேசும். இந்த இரண்டு வழிகளும் உள்ள பழைய லேப்டாப்பில் அது ஓடும். ஏஎக்ஸ்201 அப்படிப்பட்டதில்லை. அது சிஎன்விஐ என்னும் ஏற்பாட்டைச் சேர்ந்தது. வைஃபையின் கணக்கு வழக்கு வேலையெல்லாம் மதர்போர்டின் சிப்செட்டுக்குள் இருக்கும். கார்டில் இருப்பது அலைவாங்கி, அலை அனுப்பும் பகுதி மட்டுமே. இன்டெல் 10-ஆம் தலைமுறைச் செயலிகளையொட்டி 2019-இல் வந்த கார்டு அது. 7-ஆம் தலைமுறைச் சிப்செட்டில் அந்த மற்றப் பாதி கிடையவே கிடையாது. கார்டு யாரிடம் பேசும்?

இரண்டு கார்டுகளுக்கும் அளவு ஒன்று, ஆன்டெனா முனைகளும் ஒன்று. ஸ்லாட்டில் தடையில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். வாங்குபவர் கண்ணால் பார்த்து எளிதில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத இடத்தில்தான் விற்பவரின் வார்த்தைக்கு மதிப்பு. பொருந்துமா, பொருந்தாதா என்பதைச் சரியாகச் சொல்வதற்காகத்தான் நாங்கள் தெருமுனைக் கடையை விட்டு, இந்தப் பொருளையே தொழிலாக விற்கும் உங்களிடம் வருகிறோம்.

அடுத்து, டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். தளத்திலிருந்து இறக்கிய டிரைவரை நிறுவினேன். கார்டைக் காணவில்லை என்று நின்றுவிட்டது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடுகூட எதுவும் வரவில்லை. லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து ஏற்றிப் பார்த்தேன். ஸ்லாட் காலியாக இருப்பதாகவே அதுவும் காட்டியது. லேப்டாப் ஒரு பாகத்தை அடையாளம் கண்ட பிறகு அதை இயக்குவதற்குத்தான் டிரைவர். அடையாளமே காணாத பாகத்துக்கு டிரைவர் போடச் சொல்வது தும்பை விட்டு வாலைப் பிடிக்கச் சொல்வது போன்றது. இதை விளக்கியும், "ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்" என்றே அடுத்த ஆள் தொடங்கினார், அதற்கடுத்த ஆளும் தொடங்கினார்.

கழற்றி மாட்டுவது உங்கள் ஆட்கள் நினைப்பதுபோல் எளிய காரியம் அல்ல. ஆன்டெனா ஒயரின் முனை மிளகைவிடச் சிறிய உலோக வளையம். அதைக் கார்டின் முனைக்கு நேராக வைத்து, நகத்தால் ஒரே சீராக அழுத்த வேண்டும். சற்றே கோணினாலும் வளையம் விரிந்துவிடும். பிறகு பிடிப்பு நிற்காது. இந்த முனைகள் தினமும் கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அந்த ஒயர் திரைக்குப் பின்னால் வரை ஓடுகிறது. முனை கெட்டால் திரையையே பிரிக்க வேண்டும். தவறான கார்டு என்று லேபிளே சொல்லிக்கொண்டிருக்கும்போது, என் லேப்டாப்பின் நல்ல பாகத்தைத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார்கள்.

ஸ்லாட் பழுதாக இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. பழைய கார்டைத் திரும்ப மாட்டியதும் அது உடனே வேலை செய்தது. இந்தக் கடிதத்தை அதன் வழியாகத்தான் அனுப்புகிறேன். நீங்கள் அனுப்பிய கார்டை எங்கள் பகுதி சர்வீஸ் கடையில், 11-ஆம் தலைமுறை லேப்டாப் ஒன்றில் போட்டுப் பார்த்தார்கள். அங்கே வைஃபை, புளூடூத் இரண்டும் வந்தன. ஆகவே கார்டும் நன்றாக இருக்கிறது, என் லேப்டாப்பும் நன்றாக இருக்கிறது. தவறு நீங்கள் அனுப்பியதில் இருக்கிறது. அந்தக் கடைக்காரர் தம் கடைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்ததையும் இணைத்திருக்கிறேன்.

இனி நீங்கள் சொல்லும் மறுப்புக்கு வருகிறேன். பாக்கெட்டைப் பிரித்தால் திரும்பப் பெற முடியாது என்கிறீர்கள். உள்ளே மாட்டும் கார்டைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டே சோதிப்பது எப்படி? அதைவிட, வந்த பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நிலைமின்சாரத்திலிருந்து பாகத்தைக் காக்கும் ஒரு சாதாரண ஆன்டிஸ்டேட்டிக் பை. அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது என்ற விவரம், எதுவுமே அதில் இல்லை. இவையெல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள் சொல்கின்றன. விதிப்படி இருக்க வேண்டியது எதுவும் இல்லாத பையை வைத்துக்கொண்டு, அதைப் பிரித்தது என் குற்றம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. குறைதீர்ப்பு அலுவலர் புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இந்தக் கடிதத்தை அந்த விதிகளின்படியான புகாராக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பணத்தைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் விற்பனைப் பக்கம். இன்று காலைவரை அது அப்படியே இருக்கிறது. "எம்.2 ஸ்லாட் உள்ள எல்லா லேப்டாப்களுக்கும் பொருந்தும்" என்ற வரியும், அதற்குக் கீழே "ஏஎம்டி லேப்டாப்களுக்கும்" என்ற வரியும் இருக்கின்றன. நீங்கள் அனுப்பும் கார்டு எந்த ஏஎம்டி லேப்டாப்பிலும் ஓடாது. அதற்குத் தேவையான மற்றப் பாதி இன்டெல் சிப்செட்டில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நம்பி வாங்குபவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்: புதிய லேப்டாப்புக்கு 40,000 ரூபாய் செலவழிக்க முடியாதவர்கள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பழைய லேப்டாப்பைத் தேற்றிக் கொடுக்க நினைப்பவர்கள். கார்டு ஓடாவிட்டால் தங்கள் லேப்டாப்தான் கெட்டுவிட்டது என்று எண்ணி அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவார்கள். உங்களிடம் புகார் சொல்லக்கூட அவர்களுக்குத் தோன்றாது.

ஆகவே, கார்டை உங்கள் செலவில் வந்து எடுத்துக்கொண்டு, டெலிவரிக் கட்டணம் உட்பட நான் செலுத்திய முழுத் தொகையையும் நான் பணம் கட்டிய வங்கிக் கணக்கிலேயே திருப்பிச் செலுத்த வேண்டும். தளத்துக்குள் செலவழிக்கும் புள்ளிகளாகத் தருவதை ஏற்க மாட்டேன். உண்மையான ஏஎக்ஸ்200 உங்கள் இருப்பில் இருந்தால், லேபிளின் படத்தை முதலில் அனுப்பி நான் ஒப்புக்கொண்ட பிறகு மாற்றித் தருவதற்கும் சம்மதிக்கிறேன். அந்த விற்பனைப் பக்கத்தில் இரண்டு மாடல்களையும் பிரித்து, ஏஎக்ஸ்201 எந்தத் தலைமுறை இன்டெல் லேப்டாப்களில் மட்டும் ஓடும் என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். அதே பக்கத்தில் இதுவரை வாங்கியவர்களுக்கு இந்த வித்தியாசத்தைத் தெரிவித்து, கார்டு ஓடாதவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெற வேண்டும். முடித்துவைக்கப்பட்ட என் பழைய புகார்கள் "தீர்க்கப்பட்டது" என்று உங்கள் பதிவில் இருக்கின்றன. அவை தீர்க்கப்படவில்லை என்று திருத்த வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதன் பிறகு திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளிப்பேன். வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே மனுப் போட 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது.

பணம் செலுத்திய ரசீது, விற்பனைப் பக்கத்தின் படம், உரையாடலின் படம், கார்டு லேபிளின் படம், பையின் இரு பக்கப் படங்கள், சர்வீஸ் கடையின் சான்று ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கார்டு அதே பையில், கீறல் ஏதுமின்றி என்னிடம் இருக்கிறது. எடுத்துச் செல்ல ஆள் அனுப்பும் நாளை முன்கூட்டியே தெரிவியுங்கள். 18 முதல் 20-ஆம் தேதி வரை தாக்கல் வேலை இருப்பதால் அந்த நாள்களைத் தவிர்க்கவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
(ஒப்பம்)
திருச்சிராப்பள்ளி