பாடத்தில் இல்லாத காப்பி

ஆசிரியருக்கு,

என் மகள் சேலத்தில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறாள். பரீட்சை நெருங்கினால் 'கேள்வி கேளுங்கப்பா' என்று சர்வதேச உறவுகள் நோட்டை என் கையில் திணித்துவிடுவாள். ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போரை முடித்துவைத்த 1648 வெஸ்ட்பேலியா உடன்படிக்கையில் தொடங்குகிறது பாடம். அப்புறம் இரண்டு உலகப் போர், மார்கெந்தாவ், வால்ட்ஸ் என்ற அமெரிக்கக் கோட்பாட்டாளர்கள், அமெரிக்க-சோவியத் பனிப்போர். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் கடைசி அலகில் 'பிரச்சினைகள்' என்ற தலைப்பில் எட்டிப் பார்க்கின்றன. 1955-ல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29 இந்தோனேசியாவில் கூடிய பாண்டுங் மாநாட்டுக்கு ஐந்தே வரி.

நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவன். எங்கள் அராபிகா ரகக் காப்பிக்கு விலை வைப்பது நியூயார்க் சந்தை. பிரேசிலில் உறைபனி கொட்டி விளைச்சல் கெட்டால் இங்கே வியாபாரி போன் எடுப்பான். 1962-ல் சர்வதேச காப்பி ஒப்பந்தம் போட்டார்கள். விற்கிற நாடும் வாங்குகிற நாடும் உட்கார்ந்து பேசி, யார் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று கோட்டா வைத்தார்கள். கோட்டாவுக்கு வெளியே இருந்த சோவியத் யூனியன் நம் காப்பியை ரூபாய்க் கணக்கில் நிறைய வாங்கியது. 1989 ஜூலையில் கோட்டா முறிந்து உலக விலை சரிந்தது. இரண்டரை வருடத்துக்குள் சோவியத் யூனியனே இல்லை. இந்த மலைக்குப் பனிப்போர் வந்த வழி இதுதான். நோட்டில் ஏவுகணைக் கணக்கு பக்கம் பக்கமாக இருக்கிறது, காப்பியைக் காணோம். மூலப்பொருள் விற்கிற நாடு ஏன் தேய்ந்துகொண்டே போகிறது என்று 1950-லேயே எழுதிய அர்ஜென்டினா பொருளாதார அறிஞர் பிரெபிஷ் பெயரும் இல்லை.

ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1962-ல், 83 வயதில், வாஷிங்டன் போய் அதிபர் கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று பேசினார். சேலத்துப் பிள்ளைகளுக்கு ஆயுதக் குறைப்புப் பாடம் நடத்தும்போது இதைச் சொன்னால் என்ன? என் மகள் வகுப்பில் கேட்டிருக்கிறாள். "போர்ஷன்ல இல்லம்மா, எழுதினா மார்க் வராது" என்று பதில் வந்ததாம். அந்த ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன், வினாத்தாள் அவர் கையில் இல்லை.

உடனே சிலர் சோழன் கடாரம் கொண்ட கதையோடு வந்துவிடுவார்கள். பெருமை பேச மேடைகள் நிறைய இருக்கின்றன, வகுப்பறைக்கு அது வேண்டாம். ராஜேந்திர சோழன் 1025-ல் சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய அரசின் மேல் கப்பல் படை அனுப்பியது ஏன், கடல் வாணிபத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் அது பாடம்.

பாடத்திட்டக் குழுவினர் வெஸ்ட்பேலியாவை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். பாண்டுங்குக்கும் பிரெபிஷுக்கும் காப்பி, தேயிலை ஒப்பந்தங்களுக்கும் சேர்த்து முழுதாக ஓர் அலகு கொடுங்கள். கேள்வி வராத அலகைப் பிள்ளைகள் புரட்டுவதில்லை. அதனால் அதிலிருந்து கட்டாயம் ஒரு பத்து மார்க் கேள்வி வையுங்கள்.

காப்பி விவசாயி,
நாகலூர், ஏற்காடு