மாப்பிள்ளைக்கு: தீர்ந்துபோகிற பொருளாகப் பார்த்து வாங்கு

கொழிஞ்சாம்பாறை,
மார்கழி முதல் வாரம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நீங்கள் இருவரும் கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாக இங்கு வரப்போவதாகச் சொன்னாய். அதற்குள் கதை எழுதும் அம்மிணிக்குப் பயன்படும்படியாக ஏதாவது வாங்கிவைக்க வேண்டும், என்ன வாங்கலாம் என்றும் கேட்டாய். நான் அப்போது தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்ததால், யோசித்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். தமிழ்நாடு–கேரள எல்லையோரப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்பதாலும், பத்திரிகைகளுக்கு அவ்வப்போது கதை அனுப்புகிறவன் என்பதாலும் இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படியாகவே வைக்கிறேன். அம்மிணி படித்துவிட்டால் ரகசியம் போய்விடுமே என்று கவலைப்படாதே. எது தனக்கு வேண்டாம் என்பதை அவளே சொல்லிவிடுவாள். உனக்குச் செலவு மிச்சம்.

முதலில் எதை வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். நான் பணி ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பணம் சேர்த்து ஒரு நோட்டு வாங்கிக்கொடுத்தார்கள். தோல் அட்டை, பொன் பூசிய விளிம்பு, பக்கம் அடையாளம் வைக்கச் சிவப்புப் பட்டு நாடா. வீட்டுக்கு வந்ததும் முதல் பக்கத்தில் என் பெயரையும் தேதியையும் மணிமணியாக எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு கதையின் முதல் நான்கு வரிகளை எழுதினேன். மூன்றாவது வரியில் ஒரு சொல்லை அடிக்க வேண்டியிருந்தது. அடித்ததும் விலை உயர்ந்த சேலையில் குழம்பைக் கொட்டிவிட்டவனைப் போல உட்கார்ந்திருந்தேன். அந்த நோட்டு அதற்குப் பிறகு திறக்கப்படவில்லை. அந்த நான்கு வரிகளில் தொடங்கிய கதையை அதே வாரத்தில் பழைய அரையாண்டுத் தேர்வு வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதி முடித்தேன். கொடுத்தவர்களின் அன்பில் குறை ஒன்றும் இல்லை; பொருள்தான் எழுதவிடாத பொருளாக அமைந்துவிட்டது.

ஆகவே, எழுதுகிறவர்களுக்குக் கொடுக்கும் பொருள் தீர்ந்துபோகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும், அடித்துத் திருத்தவும் கசக்கி எறியவும் மனம் கூசாததாக இருக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

அம்மிணி முதல் படியைக் கையால்தான் எழுதுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் தாளிலிருந்து தொடங்கு. நகலெடுக்கும் கடைகளில் கிடைக்கும் ஏ4 தாள் ஒரு ரீம் என்பது 500 தாள். 70 ஜிஎஸ்எம் என்றால் ஏறக்குறைய 2 கிலோ 200 கிராம் எடை இருக்கும், பேருந்தில் தூக்கி வருவது ஒன்றும் பெரிதில்லை. கரூரை அடுத்த காகிதபுரத்தில் கரும்புச் சக்கையைக் கொண்டு தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் தயாரிக்கும் தாள் எனக்குப் பழக்கமானது. ஆனால் ஜிஎஸ்எம் எண்ணைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதே. அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைச் சொல்லுமே தவிர, மை ஊறுமா ஊறாதா என்பதைச் சொல்லாது. தாள் செய்யும்போது மையை உறிஞ்சாமலிருக்க மாவுப்பசை போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். அது குறைந்தால் தாள் தடிமனாக இருந்தாலும் எழுத்தின் ஓரங்கள் வேர்விட்டதுபோலப் பரவும். கடையில் ஒரே ஒரு தாளைக் கேட்டு வாங்கி, அம்மிணியின் பேனாவைக் கொண்டே ‘ணை’ என்று நான்கைந்து முறை எழுதிப் பார். சுழிகள் அடைபடாமலும் பின்பக்கம் மை தெரியாமலும் இருந்தால் அந்த ரீமை வாங்கலாம். கொழிஞ்சாம்பாறைக் கடையில் நீ தாள் என்று கேட்டால் கடைக்காரர் “கடலாஸா?” என்று திருப்பிக் கேட்பார்; என் அம்மா இருந்திருந்தால் ‘கடுதாசி’ என்றிருப்பார். எதைச் சொன்னாலும் எடுத்துக்கொடுப்பார்.

பேனாவைப் பற்றித் தயங்கித்தான் சொல்கிறேன், ஏனென்றால் அளவு பார்க்காமல் செருப்பு வாங்குவதற்கும் எழுதிப் பார்க்காமல் பேனா வாங்குவதற்கும் அதிக வேறுபாடு இல்லை. தமிழ் எழுதுகிறவர்களுக்கு மெல்லிய முள் (நிப்) நல்லது. ஆங்கிலக் கையெழுத்துக்கு அழகாக இருக்கும் பட்டையான முள்ளில் நம் ண, ஞ, ஐ போன்றவற்றின் சுழிகள் எல்லாம் மைப்பொட்டுகளாகிவிடும். கைவேலைப் பேனாதான் கொடுக்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டால், திருவள்ளூரில் ரங்கா என்ற பெயரில் எபோனைட் பேனாக்களைக் கடைசல் பிடித்துச் செய்கிறார்கள். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக வைத்த ரப்பர். உலோகத்தைப் போலக் கையில் சில்லிடாது, நெடுநேரம் எழுதினாலும் வழுக்காது. அவற்றில் சொட்டுக்குழாயால் நேரடியாக உடம்புக்குள் மை ஊற்றும் வகையை வாங்கினால் ஒருமுறை நிரப்பியதும் பல நாட்களுக்கு வரும். ஆனால் மை பாதிக்குக் கீழே இறங்கியபின் கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஒரு சொட்டைத் தாளில் தள்ளிவிடும். அதற்குள் மறுபடி நிரப்பிவிட வேண்டும் என்பதை வாங்கிக்கொடுக்கும்போதே சொல்லிவிடு; இல்லாவிட்டால் கதையின் நடுவில் கறை விழும்போது திட்டு உனக்குத்தான் விழும். இன்னொன்று: அம்மிணி இப்போது வைத்திருக்கும் பத்து ரூபாய்ப் பந்துமுனைப் பேனாவில்தான் அவள் கை ஓடுகிறது என்றால் அதையே இரண்டு டஜன் வாங்கு. நான் கேலிக்குச் சொல்லவில்லை.

மையில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. இளமையில் ஒரு கடையில் நல்ல கறுப்பு மை கேட்டேன். படம் வரைவதற்கான மையைக் கொடுத்தார்கள், நானும் பார்க்காமல் ஊற்றிவிட்டேன். அந்த வகை மையில் அரக்கு கலந்திருக்கும். காய்ந்தால் தண்ணீரில் கரையாது. ஒரு வாரம் எழுதாமல் வைத்திருந்த பேனாவில் முள்ளுக்கு மை கொண்டுவரும் நாக்கு கல்லாகிவிட்டது, வெந்நீரில் ஊறவைத்தும் மீளவில்லை. எனவே புட்டியின் மேல் ஊற்றுப்பேனாவுக்கானது என்று போட்டிருக்கிறதா என்று பார். சாதாரண நீல மை போதும். அதில் சற்று விசேஷம் வேண்டுமென்றால் வெளியூருக்குப் போக வேண்டியதே இல்லை. வெளிநாட்டுப் பேனாப் பிரியர்கள் கூட வரவழைத்துக்கொள்ளும் கிருஷ்ணா மை நம் பாலக்காடு மாவட்டத்துச் சரக்கு. அதில் மினுமினுக்கும் நிறங்கள் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் காய நேரமெடுக்கும், கை பட்டால் இழுபடும். வேகமாக எழுதுகிறவளுக்கு அவை வேண்டாம்.

அகராதி தீர்ந்துபோகாதே என்று நீ கேட்கலாம். தீரும், மாப்பிள்ளை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியின் 1992ஆம் ஆண்டுப் பதிப்பு என்னிடம் முதுகு கிழிந்து, சகர வரிசை தனியாகக் கையோடு வரும் நிலையில் இருக்கிறது. 2008இல் திருத்திய பதிப்பும், 2020இல் இன்னொரு பதிப்பும் வந்துவிட்டன. அம்மிணியிடம் இல்லையென்றால் புதியதை வாங்கிக்கொடு. பரிசுகளில் இது ஒன்றுதான் விலை அதிகமானாலும் நான் தடுக்காதது. அதனுடன், முன்பு தொலைபேசி எண் குறிப்பதற்கு விற்ற, ஓரத்தில் எழுத்து வரிசையில் வெட்டிய நோட்டு ஒன்றும் கிடைத்தால் வாங்கு. அவை ஆங்கில வரிசையில்தான் வரும். மேலே காகிதம் ஒட்டித் தமிழ் எழுத்தாக்கிக்கொள்ளலாம். கொங்குத் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் இந்தப் பக்கத்தில், எந்த அகராதியிலும் ஏறாத சொற்களை அவள் வரும்போதெல்லாம் கேட்கிறாள். குறித்துவைக்க ஓர் இடம் வேண்டும்.

கணினிக்காக என்றால் விசைகளின் மேல் ஒட்டும் தமிழ்99 எழுத்துகள் போதும். 1999இல் தரப்படுத்திய அந்த விசைப்பலகைக்கு ஒரு மாதம் கை பழகிவிட்டால் ஒட்டியதைப் பிய்த்தெறிந்துவிடலாம். அதற்கு மேல் எந்திரச் செலவு வேண்டாம்.

நீங்கள் வந்திருக்கும் நாட்களில் ஒரு காலை சித்தூர் தெக்கே கிராமத்துக்கு அம்மிணியை அழைத்துப்போ. சோகநாசினி ஆற்றங்கரையில், மலையாளக் கவி துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் இருக்கிறது. அவருடைய எழுத்தாணியென்றும் மிதியடியென்றும் போற்றுபவற்றைச் சில பழைய ஏடுகளோடு அங்கே வைத்திருக்கிறார்கள். எழுத்தாணி இரும்பு, அது இருக்கும். ஓலை அப்படியில்லை, கீறி எழுதி, கரி தடவி, பூச்சி அரிக்கும் முன் வேறோர் ஓலையில் படியெடுத்து, பழையதைக் கழித்துக்கொண்டே வந்ததால்தான் நூல்கள் நம் கைக்கு வந்தன. எருத்தேம்பதிப் பக்கம் போகும்போது பனைகளைக் காட்டி இதையும் அவளிடம் சொல்.

அந்தத் தோல் அட்டை நோட்டை நான் எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். நான்கு வரி போக மீதி முழுதும் வெறுமை. அம்மிணிக்குத் துணிச்சல் இருந்தால் எடுத்துக்கொண்டு பால் கணக்கு எழுதத் தொடங்கச் சொல். கணக்கு எழுதிய நோட்டில் கதை எழுதக் கை கூசாது.

நீ வரும்போது எனக்கும் ஒரு புட்டி நீல மை வாங்கி வா. இந்தக் கடிதத்தை எழுதியதில் என்னுடையது அடிமட்டத்துக்கு வந்துவிட்டது.

அன்புடன்,
மாமா