அங்கே யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டீர்களே

ஜாக்சன் ஹைட்ஸ், நியூயார்க்
மார்கழி 3

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். நீங்கள், பெரியம்மா, தம்பி எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது. நீங்கள் கொடுத்தனுப்பிய சால்வை நன்றாக உதவுகிறது.

போன வாரம் போனில், "அங்கெல்லாம் யாருடா வாத்தியம் வாசிக்கிறாங்க? மனுஷன் வாசிச்சு மனுஷன் கேக்கிறது உண்டா, இல்லே எல்லாம் மிஷினா?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள், காசு ஆகும் என்று வைத்துவிட்டீர்கள். அது இரண்டு நிமிஷத்தில் சொல்கிற பதிலும் இல்லை. அதனால் எழுதுகிறேன். இத்தனை வருஷமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

1998-இல் நான் வந்து சேர்ந்த முதல் வேலை ஹோட்டல் வேலை என்றுதான் வீட்டில் சொன்னேன். அது ஹோட்டலின் பாரில் மேசை துடைத்து, குவளைகளை எடுத்துக் கழுவப் போடுகிற வேலை. பார் என்று எழுதினால் அப்பா வருத்தப்படுவார் என்று விட்டுவிட்டேன். ஆனால் நம்மூரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் கண்ணில் வருகிற இடம் இல்லை அது. மங்கலான விளக்கு, தாழ்வான நாற்காலிகள், ஓரத்தில் ஒரு பெரிய கறுப்புப் பியானோ. அங்கே சாயங்காலம் ஆறு மணியிலிருந்து நடு இரவுவரை ஒருவர் வாசிப்பார். அறுபது தாண்டிய கறுப்பினப் பெரியவர். தினமும் கோட்டும் டையும்தான். கைவிரல்கள் உங்கள் விரல் மாதிரியே நீளம்.

வந்து உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்வது, பியானோ மேல் இருக்கிற பெரிய கண்ணாடிக் கோப்பையில் தன் பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்துப் போடுவதுதான். அர்ச்சனைத் தட்டில் அர்ச்சகரே முதல் நோட்டைப் போட்டு வைப்பாரே, அதே மாதிரி. வருகிறவர்கள் காகித நாப்கினில் பாட்டுப் பெயரை எழுதி, நோட்டோடு சேர்த்து வைத்துவிட்டுப் போவார்கள். நூறு வருஷத்துப் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். யாராவது கூடவே பாட வந்தால், அவர்கள் வாய் திறந்த மறுநொடி எந்தக் கட்டையில் பாடுகிறார்கள் என்று பிடித்து, மொத்தப் பாட்டையும் அங்கே நகர்த்திவிடுவார்.

அவர் வாசிக்கும்போது பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள், பெரியப்பா. பேசுவார்கள், சிரிப்பார்கள், கணக்குப் பார்ப்பார்கள். முதல் மாதம் எனக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கல்யாண வீட்டில் பந்தியும் பேச்சுமாக இருக்க, நீங்கள் மேடை ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நாதஸ்வரத்தில் தோடி ராகத்தை விரித்துக்கொண்டிருப்பீர்களே, சின்ன வயதில் அதைப் பார்த்து எனக்குக் கோபம் வரும். அதே கோபம் இங்கேயும் வந்தது. ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். "அவங்க கேக்கிறாங்களான்னு நான் பாக்கிறதில்லை. நான் அவங்களைக் கேக்கிறேன்" என்றார்.

அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது ஒரு சனிக்கிழமை ராத்திரி. கூட்டம் நெரிந்தது. இரண்டு கையாலும் ஒரு தட்டு நிறையக் குவளைகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ள, அத்தனையும் கீழே விழுந்து நொறுங்கின. விழுந்த சத்தம் அடங்குவதற்குள் அவர் வலது கை மேல்கட்டையிலிருந்து கீழ்கட்டைவரை ஒரே வழுக்காக வழுக்கி இறங்கியது. இடது கை கீழே 'டம்' என்று ஒரு பெரிய அடி போட்டு முடித்தது. கண்ணாடி உடைந்ததே பாட்டின் கடைசி வரி மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அடுத்த பாட்டை மெதுவாக ஆரம்பித்துவிட்டார். குனிந்து சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் தும்மலோ அழுகையோ வேண்டாத சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது என்று கெட்டிமேளம் கொட்டுகிறோமே, இவர் எனக்காக அதைக் கொட்டினார்.

அப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன். ஓரத்து மேசையில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால், பக்கத்து மேசைக்குக் கேட்காத அளவுக்கு இடது கையைக் கனமாக்குவார். யாராவது தனியாக வந்து உட்கார்ந்தால் சத்தத்தைக் குறைப்பார். பியானோவுக்குக் காலடியில் மூன்று பெடல் உண்டு. வலது பெடலை மிதித்தால் உள்ளே கம்பிகளை அமுக்கியிருக்கிற கம்பளித் துண்டுகள் தூக்கிக்கொள்ளும், ஸ்வரம் கார்வையாக நிற்கும். அதை அவர் முழுசாக மிதிக்கவே மாட்டார். பாதி, கால், அரைக்கால் என்று ஷூ நுனியாலேயே அளப்பார். நாதஸ்வர முனைச் சீவாளியை உதட்டால் நீங்கள் அளப்பது மாதிரி.

ஏன் பியானோ மட்டும் என்று அவரிடம் கேட்டபோது ஒரு சங்கதி சொன்னார். 1926-இல் இந்த ஊரில் ஒரு சட்டம் வந்ததாம். தனி உரிமம் இல்லாத கடையில் பியானோ, கிடார் மாதிரி வாத்தியங்களைத்தான் வாசிக்கலாம். கொட்டுவதும் ஊதுவதும் கூடாது. மூன்று பேருக்கு மேல் சேர்ந்து வாசிக்கவும் கூடாது என்று பல பத்து வருஷம் அப்படியே நடந்திருக்கிறது. 1980-களின் கடைசியில்தான் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தது. சட்டமே ஒழிந்தது 2017-இல். நாதஸ்வரமும் தவிலும் இரண்டுமே குற்றமாகியிருக்கும் ஊர் இது என்று நினைத்தபோது மனசு சங்கடப்பட்டது.

நீனா சிமோன் என்ற பெரிய பாடகியைப் பற்றியும் அவர்தான் சொன்னார். அந்த அம்மாவுக்குச் சாஸ்திரிய சங்கீதக் கச்சேரிப் பியானோக் கலைஞராக வேண்டும் என்றுதான் ஆசை. 1954-இல் அட்லான்டிக் சிட்டியில் ஒரு பாரில் வாசிக்கப் போனபோது, பாடவும் வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்றார்கள். அப்படித்தான் பாட ஆரம்பித்திருக்கிறார். அவருடைய அம்மா சர்ச்சில் போதகர். பாரில் வாசிப்பது வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றுதான் பெயரையே மாற்றிக்கொண்டார். இதைக் கேட்ட அன்றே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

லீவு நாளில் அந்தப் பெரியவர் சொன்ன இடங்களுக்கெல்லாம் போவேன். 76-ஆம் தெருவில் கார்லைல் ஹோட்டலில் பெமல்மன்ஸ் பார் இருக்கிறது. குழந்தைகளுக்குப் படக்கதை எழுதிய லுட்விக் பெமல்மன்ஸ் 1947-இல் அங்கே சுவரெல்லாம் ஓவியம் வரைந்தார். முயல்கள் பூங்காவில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும், யானை பனியில் சறுக்கும். கூலியாகக் காசு வாங்காமல் குடும்பத்தோடு ஒன்றரை வருஷம் அந்த ஹோட்டலிலேயே தங்கினாராம். மேலே தங்கரேக்குக் கூரை, நடுவில் பியானோ. ஒரு சோடாவை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை.

அதே ஹோட்டலின் இன்னொரு அறையில் பாபி ஷார்ட் என்ற பாடகர் பியானோ வாசித்துப் பாடினார். 1968-இல் இன்னொருவருக்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கு வந்தவர், 2004 வரை, 36 வருஷம் வாசித்தார். அங்கே கட்டணம் அதிகம். காசு சேரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். 2005 மார்ச்சில் அவர் காலமாகிவிட்டார். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்தால் மெட்ரோபாலிடன் மியூசியம். பியானோவைக் கண்டுபிடித்த இத்தாலிக்காரர் கிறிஸ்டோஃபொரி 1720-இல் செய்தது அங்கே இருக்கிறது. இன்றைக்கு மிஞ்சியிருப்பதில் அதுதான் மிகப் பழையது. ஒல்லியாக, நம்ம வீட்டு ஊஞ்சல் பலகை நிறத்தில் இருக்கும். கண்ணாடி வழியாகக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

உங்களுக்குப் பிடிக்கப்போவது கிரீன்விச் வில்லேஜ் பக்கம், க்ரோவ் தெருவில் இருக்கிற மேரீஸ் க்ரைசிஸ் என்ற பார். படி இறங்கிப் போகிற நிலவறை. நடுவில் பியானோ, சுற்றிக் கூட்டம். மைக் கிடையாது. நாடகப் பாட்டுகளை ஒருவர் எடுத்துக்கொடுக்க, மொத்தக் கூட்டமும் பாடும். தெரியாதவன் தோளில் தெரியாதவன் கை போட்டுக்கொண்டு. நம்ம தெரு பஜனை மடத்துச் சனிக்கிழமை அப்படியே. எனக்கு ஒரு வரி தெரியாது. ஆனாலும் தாளம் போட்டேன்.

இப்போது சொல்லாமல் வைத்திருந்ததற்கு வருகிறேன். நீங்கள் பள்ளியறைப் பூஜையில் வாசித்த நீலாம்பரி ராகக் கேசட்டை நான் கொண்டுவந்தேன் இல்லையா? ஒருநாள் கடை சாத்துகிற நேரம், நாற்காலிகளைத் தலைகீழாக மேசை மேல் ஏற்றிவிட்டு, அதை எங்கள் பியானோப் பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுதும் கேட்டார். அப்புறம் பியானோவில் தேட ஆரம்பித்தார். காந்தார ஸ்வரத்தை ஆட்டுகிற இடத்தில் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார், சேர்த்து அமுக்கிப் பார்த்தார், பெடலை அரைக்கால் விட்டுப் பார்த்தார். "இந்த ரெண்டு கட்டைக்கும் நடுவிலே உங்க பெரியப்பா வீடு கட்டிக் குடியிருக்கார். எங்கிட்ட 88 கட்டை இருக்கு, அங்கே போக வழி இல்லை" என்றார். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் கடைசி ஆள் போனதும், நான் மேசை துடைக்க வருகிற நேரம் பார்த்து, அந்த முதல் பிடியை வாசிப்பார். அந்த ஆட்டம், கமகம் இருக்காது. ஆனால் உங்கள் பிடிதான். பதினோரு வருஷம் அது நடந்தது.

2009-இல் ஹோட்டலைப் புதுப்பிக்கிறோம் என்று பியானோவை எடுத்துவிட்டார்கள். கூரையில் ஸ்பீக்கர் வந்தது. இனிமேல் குவளை விழுந்தால் கேட்க ஆள் இல்லை. கடைசி நாள் கோப்பையில் போட்ட தன் ஒரு டாலரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நோட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பிறகு தெற்கே மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

குட்டி இப்போது பள்ளிக்கூடத்தில் பியானோ கற்றுக்கொள்கிறாள். அந்தப் பிடியை வாயால் பாடிக் காட்டினேன். என் பாட்டில் அது வரவில்லை. கேசட் நாடா அறுந்து நாலு வருஷமாகிறது. இந்த மார்கழியில் கோயிலில் நீங்கள் வாசிக்கும்போது தம்பியைப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். நீலாம்பரி மட்டும் போதும். சுருதி பிடிக்கிற ஒத்தும் தவிலும் கேட்கிற மாதிரி, ஆனால் ரொம்பக் கிட்டே வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்