‘வயதுக்கேற்ற மாற்றம்’ என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள்

அன்புள்ள ரேடியாலஜிஸ்ட் டாக்டர்களுக்கு,

வணக்கம். மறதிக்காக எடுக்கும் மூளை ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: மூளை சற்றுச் சுருங்கியிருக்கிறது, வெண்ட்ரிக்கிள்கள் விரிந்திருக்கின்றன, வயதுக்கேற்ற மாற்றம். என் அப்பாவின் ரிப்போர்ட்டிலும் இதுதான் இருந்தது. எழுபதைத் தாண்டிய யாருக்கு வேண்டுமானாலும் இதை எழுதிவிடலாம். ஆனால் அதைப் படித்ததும் வீட்டில் எல்லோரும் ‘வயசானா அப்படித்தான்’ என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். என் வருத்தம் அதில்தான்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. என்னைப் போன்ற பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். மூளைக்குள் திரவம் நிரம்பிய நான்கு அறைகள் உண்டு, அவைதான் வெண்ட்ரிக்கிள்கள். அல்சைமரில் மூளைத் திசு கரைகிறது, மண்டையோடு சுருங்குவதில்லை. காலியான இடத்தைத் திரவம் பிடித்துக்கொள்ள, அறைகள் பெரிதாகின்றன. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் ஆரம்பத்திலேயே தேய்வதால், அதை ஒட்டிய வெண்ட்ரிக்கிளின் கீழ்க்கொம்பு, அதாவது கொம்பு போல நீளும் கீழ்ப்பகுதி, அகல ஆரம்பிக்கிறது.

இதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு நரம்பியல் டாக்டர் அப்பாவின் பழைய ஃபிலிமையும் புது ஃபிலிமையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் செருகி, பேனா முனையால் காட்டினார். பழையதில் காதுக்கு உள்பக்கமாக மெல்லிய பிறைக்கீற்றாக இருந்த கறுப்பு, புதியதில் நன்றாக வாய் திறந்திருந்தது. இரண்டு ரிப்போர்ட்டிலும் வாசகம் மட்டும் ஒன்றேதான்.

எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதுதான் அதிகம் பேசும். அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய அட்னி (ADNI) என்ற அல்சைமர் ஆய்வின் படங்களை வைத்து 2008-ல் ஒரு கட்டுரை வந்தது. ஆறே மாதத்தில் அல்சைமர் நோயாளிகளின் வெண்ட்ரிக்கிள்கள் மற்ற முதியவர்களுடையதைவிடத் தெளிவாக அதிகம் விரிந்ததை அது காட்டியது. லெக்கானெமாப் போன்ற புது அல்சைமர் மருந்துகளின் சோதனையில், மருந்து எடுத்தவர்களுக்கு விரிவு இன்னும் கூடுதலாக இருந்தது. அது ஏன் என்ற விவாதம் ஓயவில்லை. அப்படியிருக்க, முதல் படத்தில் அளவே குறிக்காவிட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவது?

அப்புறம், எனக்கு ரொம்பவும் உறுத்தும் விஷயம் இது. வெண்ட்ரிக்கிள் விரிந்த எல்லாமே அல்சைமர் இல்லை. கொலம்பியாவைச் சேர்ந்த டாக்டர் சாலமோன் ஹக்கீம் 1965-லேயே வேறொரு நோயை விவரித்தார்; நார்மல் பிரஷர் ஹைட்ரோசெபாலஸ் (NPH) என்பார்கள். கால் தரையில் ஒட்டிக்கொண்டது போன்ற நடை, சிறுநீர் அடக்க முடியாமை, மறதி மூன்றும் சேர்ந்து வரும். திரவத்தை வடிக்க ஒரு ஷண்ட் (மெல்லிய குழாய்) வைத்தால் பலருக்கு, முக்கியமாக நடை, தேறுகிறது. இதில் மூளையின் உச்சி மடிப்புகள் நெருங்கியிருக்கும், கலோசல் கோணம் (முகத்துக்கு நேராக வெட்டிய படத்தில் இடது, வலது வெண்ட்ரிக்கிள்களுக்கு நடுவே தெரியும் கோணம்) பெரும்பாலும் 90 டிகிரிக்குக் கீழே இருக்கும். இரண்டு நோயும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் தேறக்கூடிய ஒருவரை ‘வயதுக்கேற்ற மாற்றம்’ என்று வீட்டுக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்ற மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் சிறு பங்கு என்றாலும் எத்தனை குடும்பங்கள்!

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வெண்ட்ரிக்கிள் விரிவை அளக்கும் எவன்ஸ் குறியீட்டுக்கு ஒரே படத்தில் இரண்டு கோடு போதும்: முன்கொம்புகளின் அகலம், மண்டையின் உள் அகலம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரும் எண் 0.3-ஐத் தாண்டினால் விரிவு. நரம்பியல் டாக்டர் ஷெல்டன்ஸ் 1992-ல் தந்த 0 முதல் 4 வரையிலான அளவுகோலில் ஹிப்போகாம்பஸ் பகுதியின் தேய்வுக்கு ஓர் எண் போடுங்கள். விரிவு இருந்தால் கலோசல் கோணத்தையும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஸ்கேன் உங்கள் முன்னால் வந்து குவிகிறது என்று தெரியும். ஆனாலும் மறதி என்று குறிப்பு வந்தவர்களுக்காவது இதைச் செய்யுங்கள்.

பழைய படங்கள் எங்களிடம் இருக்கின்றன, பெரும்பாலும் பீரோ மேலே அந்தப் பெரிய கவரில். ஸ்கேனுக்கு நேரம் கொடுக்கும்போது ‘நகையெல்லாம் கழற்றிட்டு வாங்க’ என்று சொல்லும் உங்கள் ஊழியரை, ‘பழைய ஃபிலிம், ரிப்போர்ட் இருந்தா மறக்காம எடுத்துட்டு வாங்க’ என்றும் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அல்சைமரோடு வாழும் ஒரு தந்தையின் மகள்