ஏழு மணி நேர ரயிலும் ஒரு சொட்டுத் தாரும்

தோ பாயோ,
சிங்கப்பூர்

அன்புள்ள மாரிமுத்துவுக்கு,

உன் குரல்பதிவை இரண்டு முறை கேட்டேன். முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. ஆறு வாரம் படியிறங்கக் கூடாது, பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டால் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது, கைப்பேசியில் பார்க்கும்படியாக ஏதாவது இருந்தால் அனுப்பு என்று கேட்டிருந்தாய்.

இணைப்புகளை மட்டும் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. காலையில் எழுந்தால் வாட்ஸ்அப்பில் இருபது காணொளிகள் வந்து குவிந்திருக்கின்றன. அனுப்பியவர்களே அவற்றை முழுதாகப் பார்த்தார்களா என்பது சந்தேகம். நாம் பள்ளியில் படித்தபோது நூலகப் புத்தகத்தைக் கைமாற்றுவதென்றால், எந்த இடத்தில் கதை சூடுபிடிக்கும் என்று சொல்லித்தானே கொடுப்போம்? காணொளியையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொன்றையும் ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்று எழுதுகிறேன்.

முதலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம். அங்குள்ள குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு கண்ணாடிப் புனல் இருக்கிறது. புனலுக்குள் கன்னங்கரேலென்று கெட்டித் தார். காட்சி அவ்வளவுதான், நாள் முழுவதும் நேரலையில் ஓடுகிறது. சுத்தியலால் தட்டினால் சில்லுச் சில்லாக உடையக்கூடிய இந்தத் தார், உண்மையில் மிக மெதுவாக வழிகிற திரவம் என்று மாணவர்களுக்குக் காட்ட நினைத்தார் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர். 1927இல் தாரைச் சூடாக்கிப் புனலில் ஊற்றினார். மூன்று ஆண்டுகள் படியவிட்டு, 1930இல் புனலின் அடிப்பகுதியை வெட்டிவிட்டார். அன்றிலிருந்து விழுந்திருப்பவை ஒன்பதே ஒன்பது சொட்டுகள்.

பார்னெலுக்குப் பிறகு அந்தப் புனலைக் காத்து வந்தவர் ஜான் மெயின்ஸ்டோன். அவர் கதைதான் என்னை உலுக்கிவிட்டது. 1979இல் ஒரு வார இறுதியில், அவர் இல்லாத நேரத்தில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. 1988இல் அடுத்தது விழும் தறுவாயில் பக்கத்திலேயே இருந்தார். ஏதோ குடித்துவிட்டு வரலாம் என்று ஐந்து நிமிடம் வெளியே போனார், அதற்குள் விழுந்துவிட்டது. 2000இல் கேமரா வைத்தார்கள். சரியாகச் சொட்டு விழும் நேரத்தில் கேமரா பழுதாகிவிட்டது. இதற்கிடையே அயர்லாந்தின் டப்ளினில் டிரினிட்டி கல்லூரியிலும் இதேபோன்ற ஒரு சோதனை நடந்துவந்தது. 2013 ஜூலையில் அங்கே ஒரு சொட்டு விழுவதைப் படம்பிடித்துவிட்டார்கள். மெயின்ஸ்டோன் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். அடுத்த மாதமே காலமாகிவிட்டார். அவருடைய சொந்தப் புனலின் ஒன்பதாம் சொட்டு 2014 ஏப்ரலில்தான் விழுந்தது.

முதலில் டப்ளின் காணொளியைப் பார். நீண்ட நேரக் காட்சியைச் சில நொடிகளாகச் சுருக்கியிருப்பார்கள். சொட்டு நீண்டு, கழுத்து மெலிந்து, நூலாகி, சட்டென்று அறுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பிரிஸ்பேன் நேரலையைத் திற. பத்தாம் சொட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்றுமே நடக்காது. ஆனாலும் அந்த மனிதரை நினைத்துக்கொண்டு பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

அடுத்தது ரயில். இதை உனக்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன். நார்வேயில் பெர்கனிலிருந்து ஆஸ்லோவுக்குப் போகும் பாதை 1909இல் திறக்கப்பட்டது. அதன் நூற்றாண்டை ஒட்டி 2009 நவம்பரில் அந்நாட்டுத் தொலைக்காட்சி ஒரு காரியம் செய்தது. ரயிலின் முன்புறம் கேமராவைப் பொருத்தி, முழுப் பயணத்தையும் அப்படியே ஒளிபரப்பியது. ஏழு மணி நேரத்துக்கும் மேல்! பரபரப்பான சம்பவம் எதுவும் கிடையாது. தண்டவாளம், பனி, சிறு சிறு ஸ்டேஷன்கள். வழியில் ஏறக்குறைய 180 சுரங்கங்கள். அந்த இருட்டில் மட்டும் பழைய படங்களைக் காட்டுவார்கள். சுமார் 12 லட்சம் பேர் ஒரு பகுதியையாவது பார்த்தார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கு.

நான் மூன்று இரவுகளாகப் பிரித்துப் பார்த்தேன். இரண்டாம் இரவு, ஒரு சுரங்கத்தின் கோடியில் பொட்டுபோல வெளிச்சம் தெரிந்து, அது பெரிதாகிப் பெரிதாகி, வெளியே வந்ததும் ஒரே வெள்ளைப் பனி. அப்போது உன் அப்பாதான் நினைவுக்கு வந்தார். தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் கையில் பச்சைக் கொடியோடு நின்ற அவர், நம் இருவருக்கும் பிளாட்பாரக் கோடியில் உட்கார இடம் கொடுத்து, வண்டி கிளம்பும்வரை பார்க்கச் சொல்வாரே. நாம் அன்று பார்த்ததும் இதே காட்சிதான், பனி ஒன்றுதான் இல்லை.

அந்த ஸ்டேஷனின் கடைசி நாளையும் தேடிப் பார்த்துவிட்டேன். 2011 ஜூன் 30 இரவு, மலேசியாவின் ஜொகூர் மாநில சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிச் சென்றார். அன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்று படமெடுத்தவர்கள் பலர் அவற்றை யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். நீ அப்போதே ஈப்போவுக்குப் போய்விட்டாய், பார்த்திருக்க மாட்டாய். காட்சிகள் ஆடுகின்றன, முன்னால் நிற்பவர்களின் தலை மறைக்கிறது. ஆனால் ஒலியைக் கூட்டி வைத்துக்கொள். அந்த ஊதல் சத்தம் நமக்குத் தெரிந்த சத்தம்.

சிரிப்பதற்கும் வேண்டுமே. அதற்கு நம் ஊர் நீர்நாய்களைவிட யாருண்டு? நாம் சிறுவர்களாக இருந்தபோது ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. 1998இல் ஒரு ஜோடி இங்குள்ள சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் தங்கியது. இப்போது பீஷான், காலாங், மரினா பே என்று குடும்பம் குடும்பமாகத் திரிகின்றன. டேவிட் அட்டன்பரோ குரல் கொடுத்த ஆவணப் படத்திலும் இடம்பிடித்துவிட்டன. வரிசையாகச் சாலையைக் கடப்பதும், நிற்கும் கார்களைத் திரும்பிப் பாராமல் போவதும் பார்க்கப் பார்க்க அலுக்காது. நீ தவறவிடக் கூடாதது குட்டிகளுக்கு நீச்சல் பழக்கும் காணொளிகள். குட்டி கரையிலேயே கத்திக்கொண்டு நிற்கும். தாய் வந்து பிடரியைக் கவ்வி இழுத்துத் தண்ணீரில் விட்டுவிடும். குட்டி மறுபடி கரையேறும், மறுபடி தண்ணீருக்குள் இழுபடும். போன மாதம் காலாங் ஆற்றோரம் நடந்தபோது இதை நேரிலேயே பார்த்தேன். என் பேத்தி எடுத்த ஒரு நிமிடக் காட்சியைத் தனியாக அனுப்புகிறேன். காட்சி நடுங்கினால் அது அவள் சிரித்த நடுக்கம்.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைக்கும் காணொளிகளை நீ ஏற்கெனவே பார்த்திருப்பாய், அதனால் விட்டுவிடுகிறேன். அலாஸ்காவில் கத்மாய் தேசியப் பூங்காவின் கரடிகளை மட்டும் குறித்துக்கொள். அருவி விளிம்பில் கரடி வாயைத் திறந்து நிற்க, சால்மன் மீன் தானாகத் துள்ளி அதற்குள் விழுகிறது. இலையுதிர்காலத்தில், எந்தக் கரடி அதிகம் கொழுத்திருக்கிறது என்று இணையத்தில் வாக்களிக்கவும் சொல்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். நார்வே ரயிலை மட்டும் நீ தனியாகப் பார்த்துவிடாதே. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் பெர்கனிலிருந்து கிளம்புவோம். உனக்குக் கால் வலித்தால் எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். காப்பியைப் பிளாஸ்கில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள். தலையணையைக் காலுக்கு அடியில் வைக்கச் சொல்லி மகளிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
ராமு