நேபாளம் பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழின் நேபாளக் கட்டுரையில், "7 மாகாணங்களுக்கு அதிகாரத்தைப் பங்கு போட்டு, இருந்த சுகாதாரத் துறையையும் கெடுத்துக்கொண்டார்கள்" என்று ஒரு வரி. அங்கே ஒரு மலை மாவட்டத்து அரசு சுகாதார நிலையத்தில், தொண்டு நிறுவனம் அனுப்பிய நர்ஸாகப் பதினொரு வருஷம் இருந்தவள் நான். படித்ததும் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நிலையங்கள் மாகாணங்களுக்குப் போகவே இல்லை. 2015 அரசியலமைப்பு அடிப்படை சுகாதாரத்தை 753 உள்ளாட்சிகளிடம் கொடுத்தது, பாலிகா என்பார்கள். உங்களுக்குத் தெரியாததா?

கெட்டது எது என்று நான் சொல்கிறேன். 2018இல் மாவட்ட சுகாதார அலுவலகங்களைக் கலைத்தார்கள், பின்னால் மாகாணத்தின் கீழ் திரும்பக் கொண்டுவந்தார்கள். கலைக்கும் வரை மருந்து அந்த மாவட்ட அலுவலகத்திலிருந்துதான் வரும். எங்கள் பாலிகாவில் மருந்துக்கு டெண்டர் விட்டுப் பழகியவர் ஒருவர்கூட இல்லை. அந்த மழைக்காலம் முழுக்க இரும்புச்சத்து மாத்திரை இல்லாமல், மூன்று மணி நேரம் நடந்து வந்த கர்ப்பிணிகளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். மத்திய அரசு, மாகாணம், பாலிகா என்று ஊழியர்களைப் பிரித்தபோது எங்கள் ஹெல்த் அசிஸ்டன்ட் வேறு ஊருக்குப் போனார், இடம் காலியாகவே கிடந்தது. பணமும் பெரும்பாலும் நிபந்தனை மானியம்தான், எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று காத்மாண்டுவிலேயே எழுதி அனுப்பிவிடுவார்கள். பொறுப்பைக் கொடுத்தவர்கள் ஆளையும் காசையும் கூடவே அனுப்பவில்லை, கோளாறு அதில்தான்.

முன்பெல்லாம் பிரசவ அறையின் கூரைத் தகடு மாற்றக்கூட மனு மாவட்டம் போய், காத்மாண்டு போய், பதிலே வராது. பாலிகா வந்த பிறகு எங்கள் வார்டு உறுப்பினர், ஒரு தலித் பெண் (வார்டுக்கு ஒரு தலித் பெண்ணுக்கு அங்கே சட்டமே இடம் ஒதுக்கியிருக்கிறது), கூட்டத்தில் சண்டை போட்டுப் பணம் ஒதுக்க வைத்தார். அந்தக் கூரையின் கீழ் நான் பிரசவம் பார்த்திருக்கிறேன். கெடுத்துக்கொண்டார்கள் என்று எழுதியபோது அவரைப் போன்றவர்களை ஒரு நிமிஷம் நினைத்திருக்கலாம்.

அப்புறம், 1988இலிருந்து மாதச் சம்பளம் இல்லாமல் வீடு வீடாகப் போகும் அங்கத்திய பெண் சுகாதாரத் தொண்டர்களைப் பற்றி உங்களுக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டும் வரவில்லை. இடம் இருந்திருக்காது, சரி. எவரெஸ்ட் படத்துக்கு மட்டும் எப்போதும் இடம் கிடைக்கிறதே என்று வருத்தமாக இருந்தது.

இதையும் முழுசாகப் போட வேண்டாம். அடுத்த இதழில் 7 மாகாணங்கள் என்பதை 753 உள்ளாட்சிகள் என்று திருத்தி ஒரு வரி போடுங்கள், போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
நாகர்கோவில்